ஆட்டுக்கு எந்தத் தாது உப்பு? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆட்டுக்கு உப்பைத் தேடத் தெரியும். உப்புக் குறைந்தால் சுவரை நக்கும், நம் கையை நக்கும், மூத்திரம் ஊறிய மண்ணையும் விடாது. இந்த ஒரு பழக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஆட்டுக்கு எது குறையோ அதை அதுவே தேடித் தின்னும்" என்று சொல்பவர்கள் உண்டு. அது சோடியத்துக்கு மட்டும் பொருந்தும் பேச்சு. செம்புச் சத்து குறைந்த ஆடு செம்பு உள்ள இலையாகப் பார்த்துக் கடிப்பதில்லை. துத்தநாகம் குறைந்தாலும் அப்படித்தான். பாஸ்பரஸ் குறைந்த ஆடு எலும்பைக் கடிக்கும், மண்ணைத் தின்னும், பிளாஸ்டிக் பையைக்கூட மெல்லும். தேவையறிந்து தின்கிறது என்று அதைச் சொல்ல முடியாது, தவிப்பில் கண்டதையும் தின்கிறது. ஆக, உப்பைத் தவிர மற்றவற்றை வளர்ப்பவர்தான் கணக்குப் பார்த்துத் தர வேண்டும்.

புதிதாக ஆடு வளர்க்க வருபவர்கள் முதலில் கேட்பது "எந்த கம்பெனி மினரல் மிக்சர் நல்லது?" என்பதைத்தான். அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, "என் ஆடு தினமும் என்ன தின்கிறது?" என்று பாருங்கள். பாக்கெட்டில் இருக்க வேண்டியது தீவனத்தில் இல்லாததுதான். ஏற்கெனவே அதிகமாக இருப்பதையே காசு கொடுத்து இன்னும் கொட்டினால், சில சமயம் பணம் மட்டும் போகும், சில சமயம் கிடாவும் போகும்.

தாது உப்பு என்றால் என்ன

சமையல் உப்பும் தாது உப்புக் கலவையும் ஒன்றல்ல. சமையல் உப்பில் இருப்பது சோடியமும் குளோரினும். தாது உப்புக் கலவை என்பது பத்துப் பன்னிரண்டு தாதுக்களைக் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்த்த தூள். இவற்றில் கால்சியம், பாஸ்பரஸ், மெக்னீசியம், கந்தகம் போன்றவை ஆட்டுக்கு நாளொன்றுக்குக் கிராம் கணக்கில் வேண்டும். எலும்பும் பாலும் உருவாவது இவற்றால். செம்பு, துத்தநாகம், மாங்கனீசு, இரும்பு, அயோடின், கோபால்ட், செலினியம் ஆகியவை மில்லிகிராம் கணக்கில், சில அதற்கும் கீழே, போதும். அளவு சிறிது என்பதால் வேலையும் சிறிது என்று நினைக்க வேண்டாம். கோபால்ட் இல்லையென்றால் ஆட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்களால் பி12 வைட்டமினைத் தயாரிக்க முடியாது. ஆடு நன்றாக மேய்ந்தும் தேறாமல் இளைத்துக்கொண்டே போகும்.

முதலில் தீவனத்தைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் ஆடு வளர்ப்பு ஒரே மாதிரி இல்லை. தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கம் கன்னி ஆடும் கொடி ஆடும் தரிசில் மேய்ந்து வளர்கின்றன. சேலம், தர்மபுரிப் பக்கம் சேலம் கருப்பு மலையடிவாரத்திலும் தோட்டத்து வேலியோரத்திலும் மேய்கிறது. பரண் அமைத்துத் தலைச்சேரியையும் போயர் கலப்பையும் வெளியே விடாமல் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பக்ரீத்துக்கென்று நான்கைந்து கிடாக்களை வீட்டோரம் கட்டிக் கொழுக்க வைப்பவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் கடைக்குப் போய் ஒரே பாக்கெட்டை வாங்குகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

மர இலையை எடுத்துக்கொள்வோம். அகத்தி, சூபாபுல், கிளைரிசிடியா, வேம்பு, கல்யாண முருங்கை, கொடுக்காப்புளி இவற்றையே பெரும்பாலும் தின்னும் ஆட்டுக்குக் கால்சியத்தில் குறை வருவது அரிது. மர இலைகளிலும் பயறு வகைத் தழைகளிலும் கால்சியம் தாராளம். கடலைக்கொடியிலும் அப்படியே. இந்த ஆட்டுக்குக் குறைவது பாஸ்பரஸ். ஆகவே, "இலைதான் தருகிறேன், கால்சியம் டானிக்கும் ஊற்றுகிறேன்" என்பவர் இருப்பதையே திரும்பத் தருகிறார். அதிகக் கால்சியம் துத்தநாகம் உடலில் சேர்வதையும் தடுக்கும். தமிழ்நாட்டு மண்ணில் துத்தநாகக் குறை பரவலாக இருப்பது நெல் போடும் விவசாயிகளுக்குத் தெரிந்த விஷயம், நடவுக்கு முன் ஜிங்க் சல்பேட் போடுவது அதனால்தான். மண்ணில் குறைந்தது தழையிலும் குறையும். தோல் தடித்துச் செதில் உதிர்வது, மூக்கையும் கண்ணையும் சுற்றி முடி கொட்டுவது, குளம்பு சரியாக வளராதது, கிடாவுக்கு இனவிருத்தித் திறன் குறைவது எல்லாம் துத்தநாகக் குறையில் வரக்கூடியவை.

சூபாபுல் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். அதில் மைமோசின் என்று ஒரு பொருள் இருக்கிறது. இரைப்பையில் அது மாறி உருவாகும் பொருள் தைராய்டு சுரப்பியின் வேலையைக் கெடுக்கும். அதனால் ஆட்டுக்கு முடி கொட்டும், கழுத்து வீங்கும், சினை ஆட்டுக்குப் பலவீனமான குட்டி பிறக்கும். பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் சூபாபுல் இருந்தால் பயமில்லை. பல காலமாக அதைத் தின்று பழகிய மந்தைகளின் இரைப்பையில் அந்தப் பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிர் குடியேறியிருக்கலாம். ஹவாய்த் தீவு ஆடுகளிடம் அந்த நுண்ணுயிர் இருப்பதைக் கண்டு, 1980களில் அதை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய் அங்குள்ள கால்நடைகளுக்கு ஏற்றினார்கள். நம் பட்டியில் அது இருக்கிறதா என்று வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. புதிதாகச் சூபாபுல் நட்டுத் தருபவர்கள் அளவோடு தருவதும், அயோடின் உள்ள கலவையைச் சேர்ப்பதும் நல்லது.

அடுத்தது புல்லும் வைக்கோலும். கோடையில் காய்ந்த புல், அறுவடை முடிந்த தாள், வைக்கோல் என்று ஓடும் ஆடுகளுக்குப் பாஸ்பரஸ், சோடியம், செம்பு, துத்தநாகம், கோபால்ட் என்று ஏறக்குறைய எல்லாமே குறையும். கம்பு நேப்பியரை மட்டுமே வெட்டிப் போடும் பண்ணைகளுக்கு வேறு தொல்லை. அந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வைக்கோலிலும் ஆக்சலேட் உண்டு. ஆக, இவர்களுக்குத்தான் கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த முழுமையான கலவை உண்மையிலேயே வேலை செய்யும். வேலிமசால், குதிரைமசால், அகத்தி என்று ஏதாவது ஒரு பயறு வகைத் தழையைச் சேர்த்தால் பாதிப் பிரச்சினை பாக்கெட் இல்லாமலே தீரும்.

மூன்றாவதாகச் சொல்லப்போவதில்தான் அதிகம் பேர் அடிபடுகிறார்கள்.

தவிடு, சோளம், கிடா

கிடாவைச் சீக்கிரம் எடை ஏற்ற வேண்டும் என்று மக்காச்சோளம், அரிசித் தவிடு, கோதுமைத் தவிடு, மிஞ்சின சோறு எல்லாம் தாராளமாகப் போடுகிறார்கள். இந்தத் தானிய வகைகளில் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். அரை கிலோ அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் சுமார் 7 கிராம் இருக்கும், கால்சியம் ஒரு கிராம்கூடத் தேறாது. ஆட்டுக்கு வேண்டியது நேர்மாறு. பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்றரை முதல் இரண்டு பங்கு இருக்க வேண்டும்.

விகிதம் தலைகீழானால் மிஞ்சும் பாஸ்பரஸ் சிறுநீரில் போய் மெக்னீசியத்தோடு சேர்ந்து கல்லாகும். பெட்டை ஆட்டுக்கு மூத்திரக் குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் அது வெளியே வந்துவிடும். கிடாவுக்குக் குழாய் நீளம், நடுவில் வளைவு, நுனியில் புழு போல ஒரு மெல்லிய நீட்சி. கல் அங்கே மாட்டிக்கொள்ளும். சின்ன வயதிலேயே காயடித்த கிடாவுக்குக் குழாய் சரியாக விரியாததால் அபாயம் இன்னும் அதிகம். கிடா முக்கும், வாலை ஆட்டும், கத்தும், அடிக்கடி குனிந்து நிற்கும். சொட்டுச் சொட்டாகப் போகும் அல்லது போகவே போகாது. பார்ப்பவர்கள் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றிவிட்டு ஒரு நாளை வீணாக்குவார்கள். அந்த ஒரு நாள்தான் கிடா பிழைப்பதையும் சாவதையும் முடிவு செய்யும். மூத்திரம் நின்ற கிடாவை உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும், வீட்டு வைத்தியத்துக்கு அங்கே இடமில்லை.

இப்போது பாக்கெட் விஷயத்துக்கு வருவோம். கடையில் "டிசிபி" என்று ஒரு வெள்ளைத் தூள் விற்கும். டைகால்சியம் பாஸ்பேட் என்பதன் சுருக்கம். கால்சியம் என்ற பெயரில்தான் வாங்குவார்கள், ஆனால் அதில் பாஸ்பரஸும் கிட்டத்தட்ட 18 சதவீதம் இருக்கிறது. பாஸ்பரஸ் ஏற்கெனவே நிரம்பி வழியும் தவிட்டுக் கிடாவுக்கு டிசிபி போடுவது தப்பான மருந்து. அந்தக் கிடாவுக்கு வேண்டியது பாஸ்பரஸ் கலக்காத கால்சியம், அதாவது தீவனத் தரச் சுண்ணாம்புக்கல் தூள் அல்லது கிளிஞ்சல் தூள். அடர்தீவனத்தில் (தானியம், தவிடு கலந்த தீவனத்தில்) 100 கிலோவுக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ வரை சேர்ப்பது வழக்கம். சுவருக்கு அடிக்கும் நீற்றுச் சுண்ணாம்பைச் சொல்லவில்லை, அது வாயையும் குடலையும் வெந்து போகச் செய்யும். கூடவே தண்ணீர் எப்போதும் தொட்டியில் நிற்க வேண்டும். கொஞ்சம் உப்புச் சேர்த்தால் கிடா தண்ணீர் அதிகம் குடிக்கும், சிறுநீர் நீர்த்துப் போகும், கல் பிடிப்பது குறையும். சிறுநீரைப் புளிப்பாக்கும் அம்மோனியம் குளோரைடையும் சில பண்ணைகளில் தருகிறார்கள். அதன் அளவை மருத்துவர் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே டிசிபி, இலையையே தின்னும் பெட்டைக்கும் வைக்கோல் தின்னும் மந்தைக்கும் நல்ல சரக்கு.

செம்மறியும் வெள்ளாடும் ஒரே பட்டியில் இருந்தால்

நம் ஊரில் இரண்டையும் சேர்த்து ஓட்டுவது சாதாரணம். மேச்சேரிச் செம்மறி இருபது, கூடவே பத்து வெள்ளாடு என்று மந்தை இருக்கும். மருந்துக் கடையில் கேட்டால் "ஆட்டுக்குத்தானே, ரெண்டுக்கும் இதையே போடுங்க" என்பார்கள். செம்பு விஷயத்தில் மட்டும் அது ஆபத்தான அறிவுரை.

வெள்ளாட்டுக்குச் செம்பு கொஞ்சம் அதிகமாகவே வேண்டும். ஒரு கிலோ உலர் தீவனத்துக்கு, அதாவது ஈரத்தைக் கழித்த எடையில், 15 முதல் 25 மில்லிகிராம் வரை இருந்தால் சரி. செம்மறிக்கு அதில் பாதியளவு போதும், 25ஐத் தாண்டி மாதக்கணக்கில் போனால் நஞ்சாகிவிடும். செம்மறியால் மிச்சச் செம்பை வெளியே தள்ள முடியாது, ஈரலில் சேர்த்துக்கொண்டே போகும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு சந்தைக்கு ஏற்றுவது, மழை, பட்டினி என்று ஏதாவது ஓர் அலைச்சலில் ஈரல் மொத்தத்தையும் ரத்தத்தில் கொட்டிவிடும். சிவப்பணுக்கள் உடைந்து மூத்திரம் கருஞ்சிவப்பாகப் போகும், கண் மஞ்சளாகும், இரண்டொரு நாளில் ஆடு செத்துவிடும். நேற்று வரை நன்றாக இருந்த ஆடு என்பார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. 25 கிலோ எடையுள்ள ஆடு நாளுக்குச் சுமார் ஒரு கிலோ உலர் எடை தின்னும். பசுந்தழையாக அது மூன்று நான்கு கிலோ வரும். மேய்ச்சலில் ஒரு கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம் செம்பு இருக்கிறது என்று வைப்போம். நீங்கள் வாங்கிய கலவையில் செம்பு 0.1 சதவீதம் என்று போட்டிருந்தால், 10 கிராம் தூளில் 10 மில்லிகிராம் செம்பு. மொத்தம் 15 முதல் 20. வெள்ளாட்டுக்குக் கச்சிதம். அதே 10 கிராமைச் செம்மறிக்கும் போட்டால் வரம்பின் ஓரத்தில் நிற்கிறீர்கள். கை தாராளமாக 20 கிராம் அள்ளிப் போட்டால் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள்.

கலப்பு மந்தை என்றால் செம்பு சேர்க்காத, செம்மறிக்கென்றே தயாரித்த கலவையைப் பொதுவாகப் போட்டுவிட்டு, வெள்ளாடுகளைத் தனியாகக் கட்டி அவற்றின் கலவையைத் தருவதுதான் வழி. வேலை கூடத்தான். மாற்று வழி எனக்குத் தெரிந்து இல்லை.

செம்புக்கு மறுபக்கமும் உண்டு. வெள்ளாட்டுக்குக் குறைந்தால் கருத்த முடி செம்பட்டையாகும், மினுமினுப்புப் போகும். சினையில் செம்பு போதாமல் பிறந்த குட்டிக்குப் பின்னங்கால் தள்ளாடும், சில குட்டிகளால் எழுந்து நிற்கவே முடியாது. நரம்பு கெட்டபின் செம்பு கொடுத்து அதைத் திருப்ப முடியாது. தாய்க்குச் சினையிலேயே கொடுத்திருக்க வேண்டும்.

லேபிளை வாசிப்பது

பாக்கெட்டின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் சரக்கு. பின்பக்கத்தில் ஒவ்வொரு தாதுவும் எவ்வளவு என்று சதவீதத்திலோ, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்றோ இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே குழம்ப வேண்டாம். ஒரு சதவீதம் என்பது கிலோவுக்கு 10,000 மில்லிகிராம். எந்த அளவும் போடாமல் "கால்சியம், பாஸ்பரஸ், அமினோ அமிலங்கள், வைட்டமின்கள் நிறைந்தது" என்று மட்டும் எழுதியிருந்தால் அதை அலமாரியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இந்தியத் தர நிர்ணயத்தில் கால்நடைத் தாது உப்புக் கலவைக்கு ஐ.எஸ். 1664 என்று எண் இருக்கிறது. அதில் உப்புச் சேர்த்தது, உப்புச் சேர்க்காதது என இரண்டு வகை. நீங்கள் தனியாக உப்புப் போடுபவர் என்றால் சேர்க்காததை வாங்குங்கள். உப்பின் விலை கிலோவுக்குச் சொற்பம், தாது உப்பின் விலையில் உப்பை வாங்குவானேன்? சேர்க்காத வகையில் கால்சியம் 20 சதவீதம், பாஸ்பரஸ் 12 சதவீதம் என்ற அளவில் இருப்பவை நல்ல கலவைகள். பாஸ்பரஸ் நான்கைந்து சதவீதம் மட்டும் இருந்து கால்சியம் முப்பதுக்கு மேல் இருந்தால், உள்ளே பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் தூள் என்று வைத்துக்கொள்ளலாம். பாஸ்பரஸ்தான் விலை அதிகமான சரக்கு, குறைப்பவர்கள் முதலில் குறைப்பது அதைத்தான்.

விலை மலிவான சில கலவைகளில் பாஸ்பரஸுக்காக ஃபுளோரின் நீக்காத பாறைப் பாஸ்பேட்டைப் போட்டுவிடுவார்கள். ஃபுளோரின் பல்லிலும் எலும்பிலும் சேரும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு அதிகம், அங்கே மனிதர்களின் பல்லில் காவி படிந்திருப்பது தெரிந்த விஷயம். அப்படிப்பட்ட இடத்தில் ஆடு வளர்ப்பவர்கள் தரச் சான்று இல்லாத கலவையைத் தொடவே கூடாது.

இன்னொரு நுணுக்கம், தாது எந்த வடிவில் இருக்கிறது என்பது. காப்பர் சல்பேட்டாக இருந்தால் உடலில் நன்றாகச் சேரும், காப்பர் ஆக்சைடு தூளாக இருந்தால் மிகக் கொஞ்சமே சேரும். இரும்பு ஆக்சைடு ஏறக்குறைய வெறும் சாயம். உப்புக்கட்டி செங்கல் நிறத்தில் இருப்பது பெரும்பாலும் அதனால்தான், அந்தச் சிவப்பைப் பார்த்துச் "சத்து அதிகம்" என்று வாங்குபவர்கள் உண்டு. நம் செம்மண்ணிலும் தழையிலும் இரும்பு போதும் போதும் என்கிற அளவு இருக்கிறது, அதற்காகக் காசு தர வேண்டியதில்லை. "கீலேட்டட்" (தாதுவைக் கரிமப் பொருளோடு பிணைத்தது) என்று போட்டு மூன்று மடங்கு விலை சொல்லும் பாக்கெட்டுகளும் வந்துவிட்டன. உறிஞ்சும் திறன் கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் சாதாரணக் கலவையையே இன்னும் ஒழுங்காகப் போட ஆரம்பிக்காதவர் அதற்குச் செலவு செய்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மாட்டுக்கான கலவையை வெள்ளாட்டுக்குப் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், அளவைக் குறைத்து. மாட்டுக்கு நாளுக்கு 30 முதல் 50 கிராம் என்று லேபிளில் இருக்கும், வளர்ந்த ஆட்டுக்கு 5 முதல் 10 கிராம் போதும், குட்டிக்கு 2 முதல் 5 கிராம். செம்மறிக்கு மட்டும் வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தன் பெயரில் தாது உப்புக் கலவை தயாரித்து விற்கிறது. அருகில் அதன் பயிற்சி மையமோ வேளாண் அறிவியல் நிலையமோ இருந்தால் அங்கே கேட்டுப் பாருங்கள். பெரிய பண்ணை என்றால் தீவனத்தை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பிப் பரிசோதித்துவிட்டு வாங்குவது இன்னும் நல்லது.

தூளா, கட்டியா, டானிக்கா

தூள்தான் என் முதல் தேர்வு. எவ்வளவு உள்ளே போனது என்று கணக்குத் தெரியும். அடர்தீவனம் நீங்களே கலப்பவர் என்றால் 10 கிலோவுக்கு 200 கிராம் தாது உப்பு, 100 கிராம் சாதா உப்பு. இதில் கால் கிலோ தின்னும் ஆட்டுக்கு 5 கிராம் தாது உப்புக் கிடைத்துவிடும். 200 கிராமை அப்படியே குவியல் மேல் கொட்டிக் கிளறினால் ஒரு மூலையில் அதிகமாகவும் இன்னொரு மூலையில் இல்லாமலும் போகும். முதலில் ஒரு கிலோ தவிட்டில் நன்றாகப் பிசிறிவிட்டு, பிறகு அதை மொத்தத்தில் கலக்குங்கள். கழுநீர்த் தொட்டியில் போடுவது வேண்டாம். பாதி அடியில் தங்கிவிடும், கடைசியாக வரும் ஆடு எல்லாவற்றையும் நக்கும்.

அடர்தீவனமே தராமல் மேய்ச்சலை மட்டும் நம்புபவர்களுக்கு ஆடு நக்கும் தாது உப்புக்கட்டி வசதி. ஆனால் கட்டியில் பெரும்பகுதி உப்புதான், உப்பின் ருசிக்காகத்தான் ஆடு நக்குகிறது. மாட்டின் நாக்கைப் போல ஆட்டு நாக்குக்குச் சொரசொரப்பும் அகலமும் கிடையாது, ஆகவே கடினமான கட்டியில் ஆட்டுக்குக் கிடைப்பது கொஞ்சமே. முரட்டு ஆடு ஒன்று கட்டி முன்னால் நின்றுகொண்டு மற்றதை முட்டித் தள்ளுவதும் நடக்கும். பத்து ஆட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இரண்டு மூன்று இடங்களில், ஆட்டின் தலை உயரத்தில், மழை படாத இடத்தில் தொங்கவிடுங்கள். இதுவரை உப்பே கிடைக்காத மந்தைக்குப் புதிதாக உப்புக்கட்டி வைத்தால் முதல் சில நாள் வெறியோடு நக்கும். அப்போது தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

யூரியாவும் சர்க்கரைப்பாகும் சேர்த்த கட்டி வேறு சாதி. அது வைக்கோல் தின்னும் வளர்ந்த ஆட்டுக்குப் புரதத்துக்காகத் தருவது. இரைப்பை இன்னும் வளராத குட்டிகள் இருக்கும் கொட்டிலில் அதைத் தொங்கவிடாதீர்கள். மழையில் நனைந்து உடைந்து விழுந்த துண்டை ஓர் ஆடு மொத்தமாகத் தின்றாலும் யூரியா நஞ்சாகிவிடும்.

கால்சியம் டானிக் மாட்டுக்காரர்களிடமிருந்து வந்த பழக்கம். இரண்டு மூன்று குட்டி போட்டு நன்றாகப் பால் கறக்கும் ஆட்டுக்கு ஈன்ற சமயத்தில் சில நாள் தருவதில் பலன் உண்டு. ஆண்டு முழுவதும் தருவதற்கானது அல்ல. சினையின் கடைசி வாரங்களில் இரட்டைக் குட்டி சுமக்கும் ஆடு தீனி எடுக்காமல் படுத்துவிட்டால் பலரும் கால்சியம் ஊற்றுவார்கள். அது பெரும்பாலும் மாவுச்சத்து போதாமல், உடல் தன் கொழுப்பையே கரைப்பதால் வரும் சினைக்கால நோய். கால்சியம் மட்டும் அதைத் தீர்க்காது.

செலினியம் ஊசியை மட்டும் யாரும் சொந்தமாகப் போட வேண்டாம். தீவனத்தில் கிலோவுக்கு 0.1 முதல் 0.3 மில்லிகிராம் தேவைப்படும் சத்து அது, சில மில்லிகிராம் ஆனாலே நஞ்சு. பஞ்சாபில் ஹோஷியார்பூர், நவான்ஷகர் பக்கம் மண்ணிலேயே செலினியம் அதிகமாகி மாடுகளுக்குக் குளம்பு கழன்ற இடங்கள் உண்டு. இணையத்தில் வெளிநாட்டு ஆட்டுக்காரர்கள் போடுகிறார்கள் என்பது நமக்குக் காரணமாகாது, அவர்கள் மண் வேறு.

குறையா, புழுவா

ஆடு இளைத்திருக்கிறது, முடி நிற்கிறது, மண் தின்கிறது, கண்ணிமை உள்ளே வெளுத்திருக்கிறது. தாது உப்புக் குறையிலும் இவை வரும், வயிற்றுப் புழுவிலும் வரும். நம் ஊர் வெள்ளாட்டுக்கு இரண்டாவதே அதிகம், குறிப்பாக மழைக்குப் பிறகு ரத்தம் உறிஞ்சும் இரைப்பைப் புழு. கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் காகிதம் போல வெளுத்திருந்தால் முதல் வேலை சாணப் பரிசோதனையும் குடற்புழு நீக்கமும். புழுவை வயிற்றில் வைத்துக்கொண்டு தாது உப்புப் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது.

அயோடின் குறையை ஓரளவு கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். குட்டி பிறக்கும்போதே கழுத்தில் கட்டி போல வீக்கம், உடம்பில் முடி குறைவு, செத்துப் பிறப்பது. முட்டைக்கோஸ் இலையைச் சந்தையிலிருந்து மூட்டையாக அள்ளி வந்து போடுபவர்கள் கவனிக்க வேண்டும், அந்த இலையும் அயோடினுக்கு எதிரி. அயோடின் கலந்த சமையல் உப்புப் போடுகிறேனே, போதாதா என்றால், கடை உப்பில் கிலோவுக்கு 15 முதல் 30 மில்லிகிராம் அயோடின். ஐந்து கிராம் உப்பில் 0.15 மில்லிகிராமைத் தாண்டாது. ஆட்டுக்கு வேண்டியது நாளுக்கு அரை மில்லிகிராம் அளவு. உதவி செய்யும், முழுத் தேவையைத் தீர்க்காது. சாக்கில் வாங்கும் கல் உப்பில் பெரும்பாலும் அயோடினே இருக்காது.

குட்டிகளுக்குக் கால் வளைந்தால் கால்சியம் மட்டும் காரணமாக இருக்காது. வெயிலே படாத பரணில் அடைத்து வளர்த்தால் வைட்டமின் டி இல்லாமல் போகும், அது இல்லாமல் கால்சியம் எலும்பில் ஏறாது. காலையில் இரண்டு மணி நேரம் வெளியே விட்டால் அந்தச் செலவு மிச்சம்.

எப்போது, எவ்வளவு நாள்

பணம் அளவாகத்தான் இருக்கிறது, எல்லா ஆட்டுக்கும் எல்லா நாளும் போட முடியாது என்றால், சினையின் கடைசி இரண்டு மாதம், பால் கொடுக்கும் முதல் இரண்டு மாதம், பால் மறந்து தீவனத்துக்கு மாறும் குட்டிகள், இனவிருத்திக்கு வைத்திருக்கும் கிடா, இந்த வரிசையில் முன்னுரிமை தாருங்கள். கிடாவுக்குச் சேர்க்கைக்கு இரண்டு மாதம் முன்பே ஆரம்பிக்க வேண்டும், விந்து உருவாக அவ்வளவு காலம் ஆகும். மழைக்காலத்தில் காட்டில் இருபது வகைத் தழையை மேய்ந்து வரும் ஆட்டுக்கு உப்பும் சிறிதளவு கலவையும் போதும். கோடைதான் குறை தெரியும் காலம். கிலோ நூறு ரூபாய் என்று வைத்தாலும் ஓர் ஆட்டுக்கு 10 கிராமுக்கு ஒரு ரூபாய்தான் ஆகிறது. சினைக்காலக் கடைசி இரண்டு மாதத்துக்கு அறுபது ரூபாய்.

பாக்கெட்டைப் பிரித்தபின் வாயைக் கட்டி, காற்றுப் போகாத டப்பாவில், ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். திறந்து கிடந்தால் முதலில் போவது அயோடின், பிறகு வைட்டமின்கள். கட்டி தட்டியதையும் தேதி தாண்டியதையும் வாங்க வேண்டாம். ஆரம்பிக்கும்போது ஒரு வாரம் பாதி அளவு கொடுத்துப் பழக்குங்கள், புது வாசனைக்குச் சில ஆடு தீவனத்தையே ஒதுக்கும். பலன் ஒரு வாரத்தில் தெரியாது. மண் தின்பதும் சுவர் நக்குவதும் சில வாரங்களில் குறையும். முடியின் நிறமும் மினுக்கும் மாற இரண்டு மூன்று மாதம் ஆகும், குளம்புக்கு அதைவிட அதிகம். சினைக்குச் சரியாகப் போட்டீர்களா என்பதை அடுத்த ஈத்தில் குட்டியைத் தராசில் வைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். ஆகவே, ஈத்துக்கு ஈத்து குட்டியின் எடையையும், அப்போது போட்ட கலவையின் பெயரையும் அளவையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.